பதினாலாம் ரூம் சோறு

பாண்டித்துரை சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து விழுந்தபோது நான் அவனுக்கு நேர் கீழே நின்று பைப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பெல்ட் மாட்டியிருந்ததால் தரைக்கு வரவில்லை. கிணற்று வாளி மாதிரி அந்தரத்தில் தொங்கி ஆடினான். கத்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சவூதியின் யான்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை அது. எங்கள் கம்பெனிக்குச் சாரம் கட்டும் பொறுப்பு. தினமும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. ஆரம்பித்து எழுபது நாள் ஆகியிருந்தது.

நாலு பேர் சேர்ந்து அவனை இறக்கிப் படுக்க வைத்தோம். ஷூவைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. லேஸை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"மாப்ள, காலு எங்கருக்குன்னே தெரியலடா," என்றான். மூச்சு வாங்கியதில் பேச்சு குழறியது.

அதற்குள் சேஃப்டி ஆபீசர் அனந்தகிருஷ்ணன் ஓடி வந்துவிட்டார். பாலக்காட்டுத் தமிழர். குனிந்து அவன் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தார். பிறகு சைட்டே கேட்கிற மாதிரி, "குடிச்சிருக்கானா?" என்று கேட்டார்.

சவூதியில் இந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. முந்தின மாதம்தான் பக்கத்து பிளாக்கில் பழச்சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் இறக்கியவர்கள் பிடிபட்டிருந்தார்கள். அதற்காக அவருக்கும் மேலே இருந்து நல்ல திட்டு. அவர் பயம் அவருக்கு. ஆனால் பாண்டித்துரை பீடிகூடத் தொடாதவன். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷமாக என்னோடு ஒரே ரூமில் இருக்கிறான்.

"சார், அவன் அப்படி ஆள் இல்ல," என்றேன்.

"ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும். அதுவரைக்கும் டியூட்டி கெடையாது," என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே ரிப்போர்ட்டில் எழுதினார். போதையில் இருந்ததாகச் சந்தேகம். முந்நூறு பேர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேம்ப் கிளினிக் ஒரு போர்ட்டா கேபின். கராச்சிக்காரர் டாக்டர் உஸைர் ஒருவர், மார்த்தாண்டத்துக்காரர் நர்ஸ் ஜெயசீலன் ஒருவர். ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் அவர் 'பிரதர்'. டவுனுக்கு அனுப்பி எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இதயம் பெரிதாகியிருக்கிறது, பம்ப் செய்யும் பலம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். நாடி நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், நின்று பயணம் பண்ணும் நிலைமைக்கு வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது.

"முப்பத்தி நாலு வயசுல ஹார்ட்டாடா எனக்கு?" என்று கேட்டான் பாண்டித்துரை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒன்பது நாளாகத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கியிருக்கிறான். ஒரே ரூமில் இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை. அவனவன் டியூட்டி முடிந்து வந்து விழுந்தால் விடிந்துதான் முழிப்போம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஜெயசீலன் பிரதர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெங்கராஜ் அண்ணே, நீங்க ஏன் நொண்டுறீங்க?"

"ஷூ கடிக்குது பிரதர்."

"இப்படி இருங்க." பேன்ட்டைத் தூக்கி ஆடுசதையை லேசாக அமுக்கினார். உயிர் போகிற மாதிரி கத்திவிட்டேன்.

"எந்த ரூமு?"

"பதினாலு."

அவர் ரிஜிஸ்டரை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார். "போன வாரம் கால் மதமதப்புன்னு வந்த முகிலன்?"

"எங்க ரூம்தான்."

"அதுக்கு முந்தி ஒருத்தர் மூஞ்சி வீங்கி வந்தாரு. சிவகங்கைக்காரரு."

"அவரும் எங்க ரூம்தான்."

பிரதர் ரிஜிஸ்டரை மூடினார். "அந்த ரூம்ல சமையல் ஆராக்கும்?"

"நான்தான்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நாளைக்கி சோறு பொங்கும்போ நான் வாறேன்."

என் சமையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஸ் சாப்பாடு பிடிக்காமல் எங்கள் ரூமில் எட்டுப் பேரும் தனியாகப் பொங்கித் தின்றோம். அரிசி மட்டும் கம்பெனி மூட்டையாகக் கொடுக்கும். பளிங்கு மாதிரி நீளமான வெள்ளை அரிசி. அதை நான் ஐந்து தண்ணீர் விட்டு, தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும்வரை கழுவுவேன். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவேன். பருக்கையோடு பருக்கை ஒட்டாது, மல்லிகைப்பூவைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். பக்கத்து ரூம்காரர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிரதர் வந்து ஒரு கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். கஞ்சி சிங்க்கில் போவதையும் பார்த்தார்.

"கறி என்ன?"

"ரசம், ஊறுகா, அப்பளம்."

"பருப்பு வைக்கிறதில்லையா?"

"ஷட்டவுன் ஆரம்பிச்சப்பவே குக்கர எடுத்துட்டுப் போயிட்டாங்க பிரதர்." பி பிளாக்கில் ஒரு குக்கர் வெடித்து மூடி கூரையில் போய்க் குத்தியதிலிருந்து கேம்ப்பில் இருந்த அத்தனை குக்கரையும் அனந்தகிருஷ்ணன் வாங்கி வைத்துவிட்டார். கரண்ட் அடுப்பில் சட்டியில் வைத்தால் பருப்பு வேக ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வருகிறவன் அதற்காகக் காத்திருப்பானா?

"மீன், முட்ட, கீர?"

"மாசத்துக்கு ஒரு கோழி."

"டீ?"

"பால் இல்லாம கட்டன் டீ, சீனி தூக்கலா. ஒரு நாளைக்கு ஏழெட்டு ஓடும். சைட்ல சோர்வா இருந்தா அந்த எனர்ஜி டிரிங்க் டின்னு ரெண்டு."

 பிரதர் எழுந்து, "எல்லாரும் அப்படியே குத்த வச்சு இருங்க," என்றார். பாண்டித்துரை போக ஏழு பேர் இருந்தோம். சிரித்துக்கொண்டே குந்தினோம். "இனி கைய எங்கயும் ஊணாம எழும்புங்க பாப்பம்."

மூன்று பேர் எழுந்தார்கள். முகிலன் பாதியில் சரிந்து உட்கார்ந்தான். சிவகங்கைக்காரர் கட்டிலைப் பிடித்தார். இன்னொருவர் எழவே முயற்சி செய்யவில்லை. நான் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொடையில் பலமே இல்லை. முப்பது அடி உயரத்தில் பைப்பைத் தோளில் வைத்து நடக்கிறவன், சமையல் மேடைக்கு முன்னால் குந்திய இடத்திலிருந்து எழ முடியாமல் கிடந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பிரதர் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "ஒங்க எல்லாருக்கும் வந்திருக்கது ஒரே சூக்கேடாக்கும். பாண்டித்துரைக்கு அது ஹார்ட்டுல போய்ப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"என்ன நோவு பிரதர்?"

"பெரிபெரின்னு சொல்லுவாங்க. சோறுங்கது மாவு. அது ஒடம்புல எரிஞ்சாத்தான் பலம் கிட்டும். எரியணும்னா ஒரு சத்து வேணும், பி ஒண்ணு. வண்டில டேங்க் நெறைய பெட்ரோல் ஊத்தியாச்சு, பிளக்குல தீப்பொறி இல்லன்னு வையுங்க. ஓடுமா? நீங்க சோறும் சீனியுமா ஊத்திக்கிட்டே இருக்கீங்க. வேலையும் மாடு மாதிரி. அப்போ இன்னும் கூடுதல் பொறி வேணும். கட்டன் டீ உள்ள கொஞ்சத்தையும் கெடுத்துரும்."

"ஊர்லயும் சோறுதான பிரதர் திங்கிறோம்?"

"ஊர்ல புழுங்கல் அரிசி. நெல்ல அவிக்கும்போ தவிட்டுல உள்ள சத்து அரிசிக்குள்ள எறங்கிரும். இது அவிக்காம தீட்டுன அரிசி, சத்தெல்லாம் தவிட்டோட போச்சு. மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருந்தத நீங்க அஞ்சு தண்ணியில கழுவிட்டீங்க. அதுக்கும் தப்புனது கஞ்சியில போச்சு."

நான் சிங்க்கைப் பார்த்தேன். வடித்த கஞ்சி இன்னும் முழுசாகப் போகாமல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்து ரூம் பீகாரிகள் தவிடு எடுக்காத கோதுமை ரொட்டி தின்கிறார்கள், எதிர் ரூம் மலையாளிகள் சிவப்பரிசியும் மீனும் தின்கிறார்கள். அவர்கள் யாருக்கும் கால் வீங்கவில்லை. இத்தனை நாளாக அது என் கண்ணில் படவே இல்லை.

பிரதர் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார். காலை பத்தரை மணி இருக்கும். இருவரும் உருதுவும் இங்கிலீஷுமாகப் பேசியதில் எனக்குப் பாதி புரிந்தது.

"பெரிபெரியா? இந்தக் காலத்திலா?" என்றார் டாக்டர். "இருபது வருஷத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்ததோடு சரி."

"நானும் படித்ததோடு சரிதான் டாக்டர் சாப். ஆனால் ஒரே ரூமில் ஐந்து பேர்."

"ரத்தப் பரிசோதனை ஜித்தாவுக்குப் போய் வர ஒரு வாரம் ஆகும்."

"அவர் இதயம் ஒரு வாரம் தாங்குமா? ஊசியைப் போட்டுப் பார்ப்போம். நான் சொல்வது தப்பென்றால் ஒரு விட்டமின் வீணாகும், அவ்வளவுதான். நாளைக்கு அவரை எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தானே போகிறோம்?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாய், பைட்டோ," என்று தரையைக் காட்டினார். குந்தினேன். எழச் சொன்னார். முடியவில்லை. என் ஆடுசதையை அவரே அமுக்கிப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரில் பிரதர் வட்டம் போட்டிருந்த ஐந்து பெயர்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். வறட்டுக் கௌரவம் பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

"லகாவ்," என்றார். போடு.

பதினொரு மணிக்கு டிரிப்பில் மருந்து ஏறியது. மானிட்டரில் நூற்றிருபத்தெட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். டாக்டர் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது நூற்றுப் பன்னிரண்டு. மிஷினை நம்பாமல் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைப் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மாப்ள, அந்தப் பாட்டில எடு," என்றான் பாண்டித்துரை. இரண்டு நாளாக மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போனவன். எடுத்துக் கொடுத்தேன், நிரம்பியது. அரை மணி நேரத்தில் மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது பிரதர் சிரித்துவிட்டார். "போகட்டும் அண்ணே, கால்ல நிக்கிற தண்ணியாக்கும் அது."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது தொண்ணூற்று நாலு.

"மூச்சு எறங்குதுடா," என்றான் பாண்டித்துரை. முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணைகளை அவனே ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டுவிட்டு மல்லாந்து படுத்தான். கூரையைப் பார்த்துக் கிடந்தவன் அப்படியே தூங்கிப்போனான். டாக்டர் உஸைர் கதவருகே நின்று பிரதரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ பிடித்துவிட்டாய்," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்தார்கள். சுருங்கத் தொடங்கியிருந்தது. அன்றே மது பரிசோதனை முடிவும் வந்தது. ஒரு துளிகூட இல்லை. ஜித்தாவிலிருந்து அடுத்த வாரம் வந்த காகிதத்தில், அந்தச் சத்து அவன் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று போட்டிருந்தது.

நாங்கள் நாலு பேரும் மாத்திரையும் ஊசியுமாகத் தேறி வந்தோம். என் மனசுதான் தேறவில்லை. பாண்டித்துரை கேம்ப்புக்குத் திரும்பிய அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், "நாந்தான்டா ஒன்னக் கொல்லப் பாத்தேன்," என்றேன்.

"போடா கிறுக்கா," என்றான். "சோறு நல்லாத்தான்டா இருந்துச்சு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னவன் நான்."

"அந்தச் சோத்துல ஒண்ணுமே இல்லடா."

"அப்ப இருக்குற மாதிரி ஆக்கு. நீ அடுப்ப விட்டுட்டா அந்த மெஸ் சாப்பாட்டத் திங்கச் சொல்றியா?"

அன்று சாயங்காலமே டவுனில் காயல்பட்டினத்து ஜெய்னுலாப்தீன் பாய் கடைக்குப் போனேன். புழுங்கல் அரிசி கேட்டேன். "மூலையில கெடக்கு தம்பி, கேக்க ஆள் இல்ல, எல்லாருக்கும் வெள்ளையாத்தான் வேணும்," என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பாசிப்பயறு, நிலக்கடலை, துவரம்பருப்பு எல்லாவற்றையும் தானே எடுத்து மூட்டையில் வைத்தார். மறு வாரம் நான் போனபோது அந்தப் புழுங்கல் அரிசி மூட்டைகள் கடை வாசலுக்கு வந்திருந்தன.

அனந்தகிருஷ்ணன் ஒரு நாள் ரூமுக்கு வந்தார். கையில் ஃபைல்.

"ரிப்போர்ட்ட மாத்தி எழுதிட்டேன் பாண்டித்துரை. நோய்னாலதான் விழுந்தீங்கன்னு போட்டாச்சு. எக்ஸிட் கேன்சல், ஊருக்குப் போக வேண்டாம்."

பாண்டித்துரை கை எடுத்துக் கும்பிடப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். ஒன்பது வருஷ கல்ஃப் வாழ்க்கையில் ஒரு ஆபீசரிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது.

"பேப்பர்ல மாத்துனா போதுமா சார்? முந்நூறு பேர் முன்னாடி குடிச்சிருக்கானான்னு கேட்டீங்க. அதே முந்நூறு பேர் முன்னாடி இல்லன்னு சொல்லுங்க."

 அவர் காது சிவந்துவிட்டது. 

"சொல்றேன்," என்றார். வாசல்வரை போனவர் அடுப்பைப் பார்த்து நின்றார். "குக்கர் இல்லாததுனாலதான் பருப்பு இல்லைன்னு ஜெயசீலன் சொன்னார். ரூம்குள்ள விட முடியாது. பின்னால ஷெட் போட்டுத் தர்றேன். வால்வ் நானே செக் பண்ணுவேன்."

மறுநாள் காலை ஐந்தே முக்கால், வேலைக்கு முன்னால் நடக்கும் சேஃப்டி மீட்டிங். சூரியன் அப்போதுதான் கடல் பக்கத்துப் பைப்புகளில் வெளிச்சம் போட்டிருந்தது. அனந்தகிருஷ்ணன் பெட்டி மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தார். முதலில் ஹிந்தியில் சொன்னார். பாண்டித்துரை குடிக்கவில்லை. அவர் உடம்பில் ஒரு சத்து இல்லாமல் போனதால் விழுந்தார். அவரைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இதையே இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் எங்களைப் பார்த்துத் தமிழில், "என்னை மன்னிக்கணும்," என்றார்.

முதலில் யார் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை, பீகாரிகள் பக்கமிருந்து கிளம்பியது. பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி இரும்பில் அடித்தார்கள். பாண்டித்துரை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். பிரதரை முன்னால் தள்ளிவிட்டோம். அவர் மைக்கை வாங்கி, "எல்லாரும் அப்படியே குத்த வச்சு இருங்க," என்று ஆரம்பித்தார். பிறகு ஹிந்தியிலும் சொன்னார். முந்நூறு பேரும் குந்தினோம். கை ஊன்றாமல் எழுந்தோம். எங்கள் ரூமில் பாண்டித்துரையைத் தவிர எல்லாருமே எழுந்துவிட்டோம். நானும்.

பாண்டித்துரைக்கு இதயம் சீக்கிரம் சரியானாலும் கால் நரம்பு மெதுவாகத்தான் வந்தது. டூல்ஸ் ஸ்டோரில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். தினமும் குந்தி எழுந்து பார்ப்பான். ஐம்பத்து மூன்றாம் நாள் மீனாம்பாளோடு, அதாவது அவன் மனைவியோடு, வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவன் என்னிடம் போனைக் கொடுத்து, "இப்படிப் பிடிடா," என்றான். குந்தினான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். "அய்யோ, இன்னொருக்கா எந்திரிங்க, பிள்ளைகளக் கூப்புடுறேன்," என்று கத்தினாள் மீனாம்பாள். அவன் நாலு தடவை எழுந்து காட்டினான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து கேம்ப்பிலிருந்து டாக்டர் உஸைருக்கு போன் வந்தது. வேறு கம்பெனி, பெயின்ட் அடிக்கும் பெங்காலிகள். ஒருவன் மூச்சு முட்டி விழுந்துவிட்டான், வேறு சிலருக்குக் கால் வீக்கம். கிட்னி என்கிறார்கள்.

டாக்டர் நோயாளியைப் பார்க்கப் போனார். பிரதர், கூட வந்த என்னையும் பாண்டித்துரையையும் அவர்கள் ரூமுக்குக் கூட்டிப் போனார். கட்டில்களுக்கு நடுவே ஒரு பெரிய சட்டி. மூடியைத் திறந்தேன். பருக்கை பருக்கையாக, பூப் போல, வெள்ளை வெளேரென்று சோறு. எனக்கு வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பிரதர்," என்றேன்.

"பாத்துட்டேன்," என்றார்.

பாண்டித்துரை அவர்கள் நடுவே போய் நின்று பேன்ட்டைத் தூக்கித் தன் காலைக் காட்டினான். அவனுடைய அரைகுறை ஹிந்தியில், "தேக்கோ பாய், மேரா பீ ஐஸா தா. அபி தேக்கோ," என்றான். என் காலும் இப்படித்தான் இருந்தது, இப்போது பாருங்கள் என்று அவர்கள் முன்னால் குந்தி எழுந்தான். ஓரத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருந்த ஓர் ஆள் தன் காலையும் அவன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் எல்லாருக்கும் அந்த ஊசியைப் போட்டார். அன்று மதியம் நானே அங்கே சமைத்தேன். புழுங்கல் அரிசி, கஞ்சி வடிக்காமல். குக்கரில் பருப்பு, ஒரு சட்டி முளைகட்டிய பயறு. சோறு கொஞ்சம் குழைந்து, மங்கிய நிறத்தில்தான் இருந்தது. முதலில் முகம் சுளித்தவர்கள், பருப்பை ஊற்றிப் பிசைந்ததும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் டியூட்டியில் இருந்தேன். நானும் பாண்டித்துரையும் நாலாவது தட்டில் கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருந்தோம். பிரதரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"விழுந்தவரு மல்லாந்து கெடந்து தூங்குறாரு அண்ணே. மத்த அஞ்சு பேருக்கும் வீக்கம் வத்தியாச்சு. கேம்ப் பாஸ் ஒங்க கிட்ட கேக்கச் சொன்னாரு, அந்தப் புழுங்கல் அரிசி எந்தக் கடையில கிட்டும்னு."

"ஜெய்னுலாப்தீன் பாய் கடை பிரதர்," என்று மேலே இருந்தபடியே கத்தினான் பாண்டித்துரை. "ரெங்கராஜ் அனுப்புனான்னு சொன்னா, கடலையும் சேத்துக் கட்டுவாரு!"